உயிரியல் படிக்காத பிள்ளைகளுக்கு உயிரியல் லேப்: புதிதாக டி.ஏ. ஆகிறவர்களுக்கு

ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ துறை அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வரும். எந்த லேப்பில் உங்களை டி.ஏ.வாக (டீச்சிங் அசிஸ்டன்ட், அதாவது வகுப்பு நடத்துகிற ஆராய்ச்சி மாணவராக) போட்டிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். என்னோடு சேர்ந்த சீனத் தோழிக்கு மரபியல் லேப் கிடைத்தது. எனக்கு 'நான்-மேஜர்ஸ்' லேப். அதாவது, வேறு எதையோ படிக்க வந்து, விதி இருக்கிறதே என்பதற்காக உயிரியல் லேப் ஒன்றை முடித்துவிட்டுப் போகிறவர்களின் வகுப்பு. அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போட்டு, "எம்.எஸ்சி. முடிச்சிட்டு வந்தவளுக்கு எல்.கே.ஜி. குடுத்திருக்காங்கம்மா" என்று புலம்பினேன். அம்மா சொன்னாள்: "எல்.கே.ஜி. டீச்சருக்குத்தான் பொறுமை வேணும். உனக்குத்தான் அது கெடையாதே."

அம்மா சொன்னது சரிதான். அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆறு செமஸ்டர் அந்த லேப்பை எடுத்தேன். முதல் இரண்டும் மோசம். மூன்றாவதிலிருந்து நானே கேட்டு வாங்கினேன். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிற பிள்ளைகள் "அக்கா, எனக்கும் நான்-மேஜர்ஸ் போட்டுட்டாங்க" என்று வாட்ஸாப்பில் கேட்கும்போதெல்லாம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

யார் வருகிறார்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் எந்தப் பட்டம் படித்தாலும் 'ஜென் எட்' என்கிற பொதுப்பாடங்களை முடித்தாக வேண்டும். அவற்றில் லேப்போடு சேர்ந்த அறிவியல் பாடம் ஒன்றாவது வழக்கமாக இருக்கும். நம் ஊரில் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே ஆளைப் பிரித்துவிடுகிறார்கள். காமர்ஸ் எடுத்தவன் அதற்கப்புறம் மைக்ராஸ்கோப்பைத் தொடுவதே இல்லை. இங்கே தொட்டாக வேண்டும். என் முதல் வகுப்பில் 24 பேர். கணக்குப்பதிவியல், நாடகம், இதழியல், வரலாறு, ஃபேஷன் வணிகம் என்று கலந்துகட்டி இருந்தார்கள். கால்பந்து அணிப் பையன்கள் மூன்று பேர். எதைப் படிப்பது என்றே முடிவு செய்யாதவர்கள் நான்கைந்து பேர்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று பொதுக்கல்வி பற்றி அறிக்கை வெளியிட்டது. அப்போது ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட். அவர் வேதியியலாளர், அணுகுண்டுத் திட்டத்தின் மேலிடத்தில் இருந்தவர். அறிவியல் எப்படி நடக்கிறது என்பது அறிவியல் படிக்காத குடிமக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட மாணவர்களுக்கென்று, பழைய கண்டுபிடிப்புகள் நடந்த விதத்தை வைத்தே ஒரு பாடம் நடத்தினார். அதில் உதவிக்குச் சேர்ந்த இயற்பியல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அந்த வேலையில் மாட்டிக்கொண்டு அறிவியல் வரலாற்றின் பக்கமே போய்விட்டார். அவர் பெயர் தாமஸ் குன், பின்னால் 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு' என்கிற நூலால் உலகப் புகழ் பெற்றவர். எனவே நான்-மேஜர்ஸ் வகுப்புக்கு உதவியாளராகப் போட்டுவிட்டார்கள் என்று யாரும் மூக்கைச் சிந்த வேண்டாம்.

உங்களுக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த அறையில் இருக்கிற பலருக்கும் வாழ்நாளில் இதுவே கடைசி அறிவியல் வகுப்பு. அடுத்த செமஸ்டரில் உயிரணுவின் பாகங்களை யாரும் அவர்களிடம் கேட்கப்போவதில்லை. பாகங்களின் பெயரை மனப்பாடம் செய்யவைக்கச் செலவழிக்கிற ஒவ்வொரு நிமிடமும் வீண். தன் கண்ணால் பார்த்ததை எழுதுவது, அதை வைத்து வாதாடுவது, டீச்சர் சொன்னாலும் சரிபார்ப்பது: இது மூன்றுக்கும் இடம்கொடுத்தால் போதும். மூன்றாவதை எனக்கு ஒரு மாணவிதான் சொல்லிக்கொடுத்தாள். உருளைக்கிழங்கு வரும்போது சொல்கிறேன்.

வகுப்புக்கு முன்னால்

வாரம் ஒருமுறை லேப் கோ-ஆர்டினேட்டர் எல்லா டி.ஏ.க்களையும் கூப்பிட்டு அந்த வாரத்துச் சோதனையைச் செய்துகாட்டுவார். அதில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். முடிந்தால் வகுப்புக்கு முதல் நாள் சாயங்காலம் பிரெப் ரூமுக்கு (சோதனைப் பொருள்களைத் தயார்செய்கிற அறை) போய், மாணவர் செய்வதுபோலவே முழுச் சோதனையையும் ஒருமுறை தனியாகச் செய்து, எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 40 நிமிடம் என்றால் அவர்களுக்கு 80. பெரும்பாலும் இரண்டேமுக்கால் மணி நேர வகுப்பு. கழுவித் துடைத்து எடுத்துவைக்கக் கடைசிக் கால் மணியை விட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பு விதிகளில் இளகாதீர்கள். விரல் தெரிகிற செருப்போடு வந்தால் உள்ளே விடக் கூடாது. இங்கே ஆகஸ்டில் எல்லாரும் ஃபிளிப்-ஃபிளாப்பில்தான் வருவார்கள், முதல் வாரம் நாலு பேரையாவது விடுதிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். தண்ணீர் பாட்டில், காபிக் கோப்பை எல்லாம் கதவுக்கு வெளியே. கையுறையில் இருக்கிற லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உடைந்த கண்ணாடியைக் குப்பைக்கூடையில் போடக் கூடாது, அதற்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அதை முதலில் எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

அப்புறம் மொழி. நம் ஆங்கிலம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சில சொற்கள் இங்கே வேறு வேலை பார்க்கின்றன. முதல் வாரம் நான் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம் ஊரில் டவுட் என்றால் கேள்வி. இவர்களுக்கு அது நம்பிக்கையின்மை. நான் சொல்வதை நம்பாதவர் யாராவது உண்டா என்று மிரட்டுவதுபோலக் கேட்டிருக்கிறது. 'கொஸ்டின்ஸ்' என்று மாற்றிய பிறகுதான் கைகள் எழுந்தன. இரண்டாம் வாரம் பென்சில் படம் வரையும்போது ஒரு பையனிடம் "ரப்பர் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டேன். மேசையே சிரித்து உருண்டது. அது இங்கே ஆணுறைக்கான சொல். 'இரேசர்' என்று பழகிக்கொள்ளுங்கள். உங்கள் உச்சரிப்பு புரியாத சொற்களைப் பலகையில் எழுதிவிடுங்கள், 'வாக்குவோல்' (vacuole, உயிரணுவுக்குள் இருக்கிற பை) என்று ஆறுதரம் சொல்வதைவிட அது சுலபம். உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'மேடம்' எதிர்பார்த்து ஏமாறாதீர்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

முதல் நாள்: சின்ன 'ஈ'

முதல் நாள் நான் செய்த பெரிய தவறு 50 நிமிடம் பேசியது. மைக்ராஸ்கோப்பின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பலகையில் வரைந்து விளக்கினேன். பின்வரிசையில் ஒரு பையன் தூங்கிவிட்டான். இப்போது எட்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை.

நடத்துகிற விதம் இதுதான். செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஆங்கிலச் சின்ன 'ஈ' எழுத்தை ஒரு ஸ்லைடில் வையுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே கவர்ஸ்லிப் என்கிற மெல்லிய மூடி. லென்ஸ் 4 மடங்கில் இருக்க வேண்டும். கண்ணருகே இருக்கிற லென்ஸ் 10 மடங்கு என்பதால் மொத்தம் 40 மடங்கு. பெரிய குமிழைத் திருப்பி ஃபோகஸ் செய்யச் சொல்லுங்கள். எழுத்து எப்படித் தெரியும் என்று பார்ப்பதற்கு முன்பே வரையச் சொல்லுங்கள், பார்த்த பின் மறுபடியும் வரையச் சொல்லுங்கள். தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். ஸ்லைடை வலப்பக்கம் தள்ளினால் படம் இடப்பக்கம் ஓடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. அந்த முதல் "ஏய், இது ஏன் இப்படிப் போகுது?" என்கிற சத்தம்தான் உங்கள் செமஸ்டரின் தொடக்கம்.

பிறகு 10, அப்புறம் 40 மடங்கு லென்ஸ். 40-க்குப் போன பின் பெரிய குமிழைத் தொடவே கூடாது, சின்னக் குமிழ் மட்டும். இதை மட்டும் கத்திச் சொல்லலாம். இல்லாவிட்டால் லென்ஸ் ஸ்லைடில் போய் இடித்து 'க்ரக்' என்று கேட்கும். லென்ஸைத் துடைக்க லென்ஸ் பேப்பர் மட்டும்தான். டிஷ்யூவோ சட்டை நுனியோ பட்டால் கீறல் விழும்.

அடுத்தது கன்னத்து உயிரணு. பல்குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி, ஸ்லைடில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம். விரலில் பட்டால் இரண்டு நாள் போகாது, எச்சரித்துவிடுங்கள். மொத்தம் 400 மடங்கில் பார்வை வட்டத்தின் விட்டம் எங்கள் மைக்ராஸ்கோப்பில் சுமார் 0.45 மில்லிமீட்டர். ஒரு கன்ன உயிரணு அதன் குறுக்கே எத்தனை தடவை அடங்கும் என்று கண்ணளவில் எண்ணச் சொல்லுங்கள். ஏழெட்டு என்பார்கள். வகுத்துப்பார்த்தால் மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பங்கு வரும். தன் வாயிலிருந்து எடுத்த ஒன்றைத் தானே அளந்துவிட்டோம் என்பதில் கணக்குக்குப் பயந்த பிள்ளைக்குக்கூட ஒரு குஷி வரும்.

இந்த இடத்தில் நாடகம் படிக்கிற பையன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருமையாக வரைந்திருந்தான். கெட்டியான கறுப்பு விளிம்பு, உள்ளே வெறுமை, ஓரத்தில் வெளிச்சம் பட்டு மினுக்கம். அது உயிரணு இல்லை, காற்றுக்குமிழி. எல்லாரும் முதல் நாள் குமிழியைத்தான் வரைவார்கள், அல்லது தன் கண் இமை முடியை. "இது தப்பு" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் பி.எஸ்சி. ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி. 40 பேருக்கு நான்கு மைக்ராஸ்கோப், அதில் ஒன்றுக்குக் கண்ணாடி ஆடும். கன்ன உயிரணுப் படத்தை நான் சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து வரைந்தேன். ஹெச்.பி. பென்சிலால், ஸ்கேல் வைத்து அம்புக்குறி போட்டு, நடுவில் வட்டமாக நியூக்ளியஸ். சார் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். அந்த உயிரணுவை நான் பார்க்கவே இல்லை.

இந்தப் பையன் பார்த்ததை வரைந்திருக்கிறான். அதனால் தப்பு என்று சொல்லவில்லை. "சின்னக் குமிழைத் திருப்பிக்கொண்டே இரு, நீலமாக ஏதாவது வருகிறதா பார். கவர்ஸ்லிப்பை நுனியால் லேசாகத் தட்டிப்பார், இந்த வட்டம் என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். ஐந்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான். வட்டம் நசுங்கி இரண்டாகிவிட்டதாம், அது வெறும் காற்றாம், உயிரணு அதற்குப் பக்கத்தில் காகிதம் கசங்கியதுபோல இருக்கிறதாம். நோட்டில் குமிழியை அடிக்காமல் அதன் கீழேயே 'இது காற்று' என்று எழுதி, பக்கத்தில் உயிரணுவை வரைந்திருந்தான். முழு மதிப்பெண் போட்டேன். படத்தை அழிக்க வேண்டாம், கீழே எழுதுங்கள் என்பது அன்றிலிருந்து என் வகுப்பில் விதி.

உருளைக்கிழங்கு

எல்லாக் கல்லூரியிலும் ஏதோ ஒரு வடிவில் இந்தச் சோதனை இருக்கும். உருளைக்கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாகத் துளைத்தெடுத்து, எடைபோட்டு, ஆறு கரைசல்களில் போடுவது: வெறும் தண்ணீர், 0.2, 0.4, 0.6, 0.8, 1 மோலார் சர்க்கரை (மோலார் என்பது கரைசலின் செறிவைச் சொல்கிற அளவு). ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவிட்டு, எடுத்து, ஒற்றி, மறுபடி எடை. தண்ணீரில் கிடந்தது விறைப்பாகிக் கனத்திருக்கும். 1 மோலாரில் கிடந்தது வாடிய கொத்தவரங்காய்போலத் துவளும்.

தொடங்கும்போது சவ்வூடுபரவல் (சவ்வைத் தாண்டிச் செறிவு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் போவது) என்று பலகையில் எழுதாதீர்கள். நான் முதலில் மாவடு உதாரணம் சொன்னேன். உப்பில் போட்ட வடு சுருங்கும், ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். எனக்கு வாயில் எச்சில் ஊறியதுதான் மிச்சம், வகுப்பு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. அடுத்த வாரம் வெள்ளரிக்காய் சாலடில் உப்புப் போட்டு அரை மணி கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் என்ன இருக்கும் என்று கேட்டேன். உணவகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிற பெண் உடனே, "அதனால்தான் பரிமாறும்போதுதான் உப்புப் போடச் சொல்வார்கள்" என்றாள். பாடம் அங்கிருந்தே நடந்தது.

மேசைக்கு நாலு பேர், ஆறு மேசை. தொடங்கும் முன் எந்தத் துண்டு கனக்கும், எது மெலியும் என்று ஒவ்வொருவரும் பேனாவால் எழுதியாக வேண்டும். பென்சில் கூடாது. எடையில் வித்தியாசத்தை அப்படியே வைக்காமல் சதவீதமாக்க வேண்டும் என்பது பலருக்கும் புரியாது. 4.2 கிராம் துண்டு 3.7 ஆனால் அரை கிராம் போச்சு, அதாவது சுமார் 12 சதவீதம். 2 கிராம் துண்டிலிருந்து அதே அரை கிராம் போனால் 25 சதவீதம். "100 டாலர் சம்பளக்காரனிடம் 10 டாலர் பிடிப்பதும் 1,000 டாலர் சம்பளக்காரனிடம் பிடிப்பதும் ஒன்றா?" என்று கேளுங்கள், கணக்குப்பதிவியல் பிள்ளைகள் மீதியை விளக்கிவிடுவார்கள். ஒற்றுவதுதான் இந்தச் சோதனையில் பிழை நுழைகிற வாசல். ஒருத்தர் அழுத்திப் பிழிவார், ஒருத்தர் தாளைக் காட்டிவிட்டு எடுப்பார். எல்லாத் துண்டையும் ஒரே ஆள், ஒரே மாதிரி ஒற்ற வேண்டும்.

பிறகு வரைபடம். படுக்கை அச்சில் சர்க்கரை, நிமிர் அச்சில் எடை மாற்றத்தின் சதவீதம். கோடு மேலிருந்து சரிந்து, பூஜ்யத்தை வழக்கமாக 0.3 மோலாருக்குப் பக்கத்தில் வெட்டும். அந்த இடத்தில் கிழங்குக்கு உள்ளே போகிற தண்ணீரும் வெளியே வருகிற தண்ணீரும் சமம்.

என் இரண்டாவது செமஸ்டரில் அப்படிச் சரியவில்லை. 0.2-இல் ஒரு பள்ளம், 0.8-இல் ஒரு மேடு. நேரம் வேறு ஆகிவிட்டது. "ஹ்யூமன் எரர், அறிக்கையில் அப்படி எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். இதழியல் படிக்கிற ஒரு பெண், அதுவரை வகுப்பில் பேசியே கேட்டதில்லை, கையைத் தூக்கினாள். "யாருடைய எரர்?"

எனக்குப் புரியவில்லை. அவள் பலகைக்கு வந்து ஆறு மேசைகளின் எண்களையும் காட்டினாள். "நாங்கள் தப்பு செய்திருந்தால் ஆளுக்கு ஒரு இடத்தில் செய்திருப்போம். ஆறு மேசையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பு செய்யுமா? எங்கள் எல்லோருக்கும் பொதுவானது அந்த பாட்டில்கள் மட்டும்தான்."

பாட்டில்களை நிரப்பி லேபிள் ஒட்டியவள் நான்.

உட்கார்ந்து யோசித்தோம். எந்தப் பாட்டிலில் எது என்று ருசி பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? (லேப்பில் எதையும் நக்கிப் பார்க்கக் கூடாது.) கால்பந்துப் பையன்தான் சொன்னான், சர்க்கரை அதிகம் இருந்தால் கனம் அதிகம் இருக்கணுமே என்று. அளவுக்குடுவையைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, இரண்டிலிருந்தும் 100 மில்லி ஊற்றினோம். '0.2' என்று ஒட்டியிருந்தது 110 கிராமுக்குப் பக்கம், '0.8' என்று ஒட்டியிருந்தது 102. லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறேன். வகுப்பு முடிய வேண்டிய நேரம் தாண்டி 20 நிமிடம் ஆகியிருந்தது, ஒருவரும் கிளம்பவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு செமஸ்டரும் இந்த வாரத்தில் இரண்டு லேபிள்களை வேண்டுமென்றே மாற்றி ஒட்டுகிறேன். கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லிவிட்டுத்தான். நீங்களும் செய்யலாம், ஆனால் வகுப்பில் எந்த மேசைக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது, கண்டுபிடிக்க அரை மணியாவது ஒதுக்க வேண்டும்.

வாயை மூடிக்கொள்ளுதல்

1970களில் மேரி பட் ரோ என்கிற கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து நேரம் அளந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று விநாடியாக நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். மூன்று விநாடிதானே என்று தோன்றும். வகுப்பின் முன் நின்று பாருங்கள், மூன்று யுகம். மனசுக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தமிழில் எண்ணுவேன். கையில் பென்சிலைப் பிடித்துக்கொள்வதும் உதவும்.

வாயை மூடப் பழகுவதற்கு ஏற்ற லேப் கரையான் லேப். கரையான் வேலைக்காரப் பூச்சிகளுக்குக் கண் கிடையாது, வாசனைத் தடத்தைப் பிடித்தே நடக்கும். பேப்பர் மேட் (Paper Mate) கம்பெனியின் பால்பாயின்ட் பேனாவால் தாளில் ஒரு வட்டம் போட்டு, மெல்லிய தூரிகையால் ஒரு கரையானை எடுத்து அதில் விட்டால், ரயில் தண்டவாளத்தில் போவதுபோலக் கோட்டிலேயே சுற்றிவரும். அந்த மையில் இருக்கிற 2-பீனாக்ஸிஎத்தனால் அதன் தடவாசனையைப் போலவே அதற்குப் படுகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் சொல்லக் கூடாது. கரையானைக் கோட்டில் விட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். ஒரு மேசை நிறம்தான் காரணம் என்று சிவப்புப் பேனா கேட்கும். இன்னொன்று பேனா அழுத்திய பள்ளத்தில் கால் சிக்குகிறது என்று மை தீர்ந்த பேனாவால் கோடு போட்டுப் பார்க்கும். பென்சில், வேறு கம்பெனிப் பேனா, சதுரக் கோடு, எட்டுப்போட்ட கோடு என்று போகும். ஒரே நேரத்தில் நிறத்தையும் கம்பெனியையும் மாற்றிவிட்டு முடிவு சொல்கிற மேசையிடம் மட்டும், "இந்த இரண்டில் எதனால் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டு நகருங்கள்.

1960களில் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஷ்வாப் லேப்களைத் தரம்பிரித்தார்: கேள்வியையும் செய்முறையையும் கொடுத்து விடையை விடுவது, கேள்வியை மட்டும் கொடுப்பது, எதையுமே கொடுக்காமல் பொருளை மட்டும் வைப்பது. உங்கள் லேப் கையேடு பெரும்பாலும் முதல் வகையில் இருக்கும். முழுக் கையேட்டையும் மாற்ற உங்களுக்கு அதிகாரமும் இல்லை, நேரமும் இல்லை. வாரத்துக்கு ஒரு படியை மட்டும் அடித்துவிட்டு "இதை எப்படிச் செய்யலாம்?" என்று கேளுங்கள். ஈஸ்ட் லேப்பில் எந்தச் சர்க்கரைகளைச் சோதிப்பது என்பதை அவர்களிடமே விட்டேன். லாக்டோஸில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டது என்று ஒரு மேசை சாதித்தது, பிறகு அதே குழாயில் குளுக்கோஸ் போட்டுத் தானே தோற்றுப்போனது.

திருத்துவது

இரண்டு செக்‌ஷன் என்றால் வாரம் 48 அறிக்கை. ஒரு பிள்ளையின் அறிக்கையை முழுசாகப் படித்து அடுத்ததற்குப் போகாதீர்கள். 48 பேரின் வரைபடத்தையும் முதலில், பிறகு 48 பேரின் முடிவுரையையும் பாருங்கள். கை ஒரே மாதிரி போகும், நேரமும் பாதி.

இரண்டு சொற்களைத் தடைசெய்யுங்கள். ஒன்று 'நிரூபித்துவிட்டது'. ஆறு கிழங்குத் துண்டு எதையும் நிரூபிக்காது, ஆதரிக்கும் அல்லது ஆதரிக்காது. மற்றது 'ஹ்யூமன் எரர்', காரணம் மேலே சொன்னேன். என்ன பிழை, எந்தப் படியில், எண்ணை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று எழுதினால்தான் மதிப்பெண். முன்கணிப்பு தப்பானதற்கு ஒருபோதும் மதிப்பெண் குறைக்காதீர்கள். ஒருதரம் குறைத்தால் போச்சு, அடுத்த வாரத்திலிருந்து சோதனை முடிந்த பிறகுதான் முன்கணிப்பு எழுதுவார்கள். நாமும் அதைத்தானே செய்தோம்.

திருத்திய தாள்களை மேசையில் குவித்து "எடுத்துக்கோங்க" என்று விடக் கூடாது. மாணவர் ஆவணங்களின் அந்தரங்கத்தைக் காக்க 1974-இல் வந்த ஃபெர்பா சட்டம் இருக்கிறது. ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. மாணவரின் அப்பா மின்னஞ்சல் போட்டாலும் நீங்கள் பதில் எழுத வேண்டாம், கோ-ஆர்டினேட்டருக்கு அனுப்பிவிடுங்கள்.

தொட்டால் சுடும் இடங்கள்

பரிணாமம் வருகிற வாரத்தில் ஒரு பிள்ளையாவது "இதை நான் நம்ப வேண்டுமா?" என்று கேட்கும். நம்பிக்கையைப் பற்றி விவாதத்துக்குப் போகாதீர்கள். "இந்த எண்கள் என்ன காட்டுகின்றன என்று எழுதினால் போதும்" என்பேன், அது உண்மையும்கூட. பன்றிக் கருவை அறுக்கிற லேப் உங்கள் துறையில் இருந்தால், மறுப்பவர்களுக்கு மாற்றுச் சோதனை என்ன என்று முதல் வாரமே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மரபியல் வாரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பி.டி.சி. என்கிற வேதிப்பொருள் ஏற்றிய தாளை நாக்கில் வைத்தால் சிலருக்குக் கசக்கும், சிலருக்கு வெறும் தாள். 1931-இல் டூபாண்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் அந்தத் தூளைக் கொட்டியபோது பக்கத்தில் இருந்தவருக்குக் கசந்தது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, அப்படித்தான் இது வெளிவந்தது. (லேப்பில் எதையும் நாக்கில் வைக்காதே என்று சொல்லிவிட்டு இதை மட்டும் வைக்கச் சொல்வதை மாணவர்கள் கேலி செய்வார்கள், அதற்குள்ள தனிச் சுத்தமான இடத்தில் நடத்துங்கள்.) பல கையேடுகளில் "உங்கள் பெற்றோரையும் கேட்டு எழுதுங்கள்" என்று இருக்கும். அந்த வரியை அடித்துவிடுங்கள். கசப்புச் சுவை ஒரே மரபணு சொல்கிறபடி அச்சுப்பிசகாமல் வருவதில்லை. தத்துப்பிள்ளை இருப்பார், அப்பா யாரென்று தெரியாதவர் இருப்பார். 24 பேர் முன்னால் ஒரு காகிதத்துண்டை வைத்து யார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டாம். வகுப்பின் மொத்த எண்ணிக்கையே போதும்.

கடைசி வாரம்

செய்முறைத் தேர்வு நம் ஊர் ஸ்பாட்டர் மாதிரிதான், மேசைக்கு ஒன்றாக வைத்து மணியடித்தால் நகர்வார்கள். 'இது என்ன?' என்று ஒன்றிரண்டு வைக்கலாம். மீதிக்கு, கோணலான ஒரு வரைபடத்தையும் ஆறு மேசையின் எண்களையும் வைத்து 'பிழை எங்கே?' என்று கேளுங்கள். ஃபோகஸ் கலைந்த மைக்ராஸ்கோப் ஒன்றையும் வைத்துவிடுங்கள், சரிசெய்து உங்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் பறந்துவிடுவார்கள், சுத்தம் செய்கிற வேலை உங்கள் தலையில்தான் விழும். ஒவ்வொரு மைக்ராஸ்கோப்பிலும் 4 மடங்கு லென்ஸைக் கீழே கொண்டுவந்து, மேடையை இறக்கி, வயரைச் சுற்றி, உறை போடுங்கள். இடுக்கியில் மாட்டியபடியே ஒரு ஸ்லைடாவது இருக்கும், பாருங்கள். பாட்டில் லேபிள்களை எல்லாம் கிழித்தெறியுங்கள், அடுத்த டி.ஏ. அவற்றை நம்பிவிடப் போகிறார். கரையான் டப்பாவில் தாள் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து மூடியை இறுக்கிவிட்டு, விளக்கை அணையுங்கள்.